இல்லை என்று தட்டினால் எதுவும் மாறாது

நாள் 211, காலை 7:10
இன்று நிலையத்தில் இருந்தவர்கள்: பனிக்கிணறு தோண்டும் ரெஜினா. கணினிக்காரன் வைகுந்தன். சமையலும் கீரைப் பாத்தியும் பார்க்கும் செங்கமலம், அதாவது நான். செவ்வாயின் வடமுனையில் வேறு ஈ காக்கை கிடையாது.

வைகுந்தன் இன்று மேலே சுற்றும் கப்பலுக்குப் போகிறான். போகுமுன் தான் எழுதிய கறுப்புத் திரையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். நிலையம் எதைச் செய்வதானாலும் அதில் கேட்டுவிட்டுத்தான் செய்யும்: ஆம்/இல்லை. 'ஆ' அல்லது 'இ' தட்ட வேண்டும். இருபது விநாடி சும்மா இருந்தால் ஆம் என்று எடுத்துக்கொள்ளும். நானோ எழுத்துக்கூட்டிப் படிப்பவள். அதற்குள் பாதிக் கேள்விதான் தாண்டுவேன். நேரத்தை நீட்டிக் கொடு என்றேன். அதற்கெல்லாம் இப்போது பொழுதில்லையாம். சந்தேகம் வந்தால் 'இ' தட்டுங்கள், இல்லை என்றால் எதுவும் மாறாது, இருப்பது இருந்தபடி இருக்கும் என்றான்.

சொன்ன சொல் ஒன்று விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. வந்த புதிதில் என் ரசத்தைக் கழுநீர் என்றதும் நினைவிருக்கிறது.

நாள் 212, காலை 10:40
ரெஜினா வண்டியில் கிணற்றுக்குப் போனாள். புழுதி கிளம்பிவிட்டது. கண்ணுக்குப் பாதை தெரியாது. நிலையம் அனுப்பும் வழிச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி திரும்ப வேண்டும்.

திரை ஓயாமல் கேட்கிறது. சமையலறை விளக்கை அணைக்கவா? கீரைக்குத் தண்ணீரை நிறுத்தவா? இ. இ. மாவுக் கையோடு ஓடி ஓடி வந்து தட்டுகிறேன். அற்பத்துக்கும் உயிருக்கும் ஒரே மாதிரி கேட்டால் மனிதர் எதைக் கவனிப்பது?

ரெஜினா, வானொலியில்: "ஆச்சி, கெளம்பிட்டேன். புழுதியில என் மூக்கே எனக்குத் தெரியல. சிக்னல் நல்லா வருது. கொழுக்கட்டையை எனக்கு வைக்காம முழுங்கிராதீங்க."

பகல் 12:05
சூரியத் தகடுகளைப் புழுதி மூடிவிட்டது. மின்சாரம் இறங்குகிறது. திரை கேட்டது. 'வழிச் சமிக்ஞையை' என்பது வரை படித்தேன். நிறுத்தவா என்றுதான் கேட்கும், காலையிலிருந்து அதைத்தானே கேட்கிறது. உடனே 'இ' தட்டினேன்.

பிறகுதான் மீதியைப் படித்தேன். தொடர்ந்து அனுப்பவா என்று கேட்டிருக்கிறது.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் சமிக்ஞை போய்க்கொண்டே இருந்திருக்கும்.

12:11
திரும்ப இயக்கச் சொன்னேன். மின்சாரம் குறைவு, இரண்டாவது ஆளின் கட்டைவிரல் வேண்டும் என்கிறது. இரண்டாவது ஆள் புழுதிக்குள் இருக்கிறாள். மறுபடி சொன்னேன். மறுபடி அதே பதில். கெடுக்க ஒரு எழுத்து போதும், சரிசெய்ய ஊரைக் கூட்ட வேண்டும்.

"ஆச்சி, சிக்னல் போயிருச்சு. நிக்கவா, போகவா?"

நில் என்றேன். கேட்டதோ என்னவோ, இரைச்சல்தான் வந்தது.

12:30
கப்பல் கிடைத்தது.

"இல்லைன்னா எதுவும் மாறாதுன்னு சொன்னியேடா வைகுந்தா!"

"எல்லாத்துலயும் அப்படித்தான் ஆச்சி. அது ஒண்ணை மட்டும் அவசரத்துல திருப்பி எழுதிட்டேன். மாத்தணும்னு நெனச்சிருந்தேன்."

"இப்ப மாத்து."

"இங்கருந்து முடியாது. நீங்களும் கேள்விய முழுசாப் படிச்சிருக்கணும்ல?"

கப்பல் மறுபக்கம் மறைந்தது.

மாலை 5:50
வண்டியில் இருந்த காற்று இந்நேரம் தீர்ந்திருக்கும். வானொலியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கொழுக்கட்டை மூடியபடி இருக்கிறது.

6:20
திரை கேட்கிறது. முதல் முறை பாதி படித்ததும் 'இ' தட்டினேன், மறுபடி கேட்டபோது மீதியைப் படித்தேன். 'ரெஜினாவை ஆள் கணக்கிலிருந்து நீக்கவா?'

இ.

மறுபடி கேட்கிறது. இ. கையை எடுத்தால் ஆம் என்று எடுத்துக்கொள்ளும். எடுக்க மாட்டேன். இ. ஒற்றைக் கையால் எழுதுகிறேன். இ. கண் செருகுகிறது இ
இதைப் படிப்பவர் யாராயிருந்தாலும், நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான் இ
வைகுந்தன்