சிட்டு உட்கார்ந்த புத்தகம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், கண்ணைத் தவிர மற்றபடி அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண் என்றதும் பதறாதே. விழித்திரை தேய்ந்திருக்கிறதாம், பெரிய எழுத்தென்றால் படிக்கலாம், பொடி எழுத்து இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள், நான் அரைமனதாகத்தான் தலையாட்டினேன், அதனால் அது சத்தியத்தில் சேராது.

அம்மா அந்தத் தலையணை நாவலை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஆகி, 212ஆம் பக்கத்திலேயே மூன்று மாதமாக நிற்கிறாள். நான் வாசித்துக் காட்டினேன். கதையில் அந்தப் பெண் அழுகிற இடத்தைக்கூட நூலகத்தில் அமைதி காக்கச் சொல்கிற குரலில் படிக்கிறேனாம், போதும் என்று கும்பிடு போட்டுவிட்டாள். அப்புறம் மூடின புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் புத்தகக் கடைக்காரர் ஒரு சேதி சொன்னார். அச்சுப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிப்பகம் மின்புத்தகத்தையும் சும்மாவே தருகிறதாம், எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாமாம். இருக்கிற புத்தகத்தையே எதற்கு மறுபடியும் தருகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. போகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை, புத்தகத்தின் முதல் பக்கத்தில் சொந்தக்காரர் பேனாவால் பெயர் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் கிறுக்கியவர்களையெல்லாம் வெளியே அனுப்பியவன் நான், என்னைப் போய்க் கிறுக்கச் சொல்கிறார்கள். பேனாவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன், கடைசியில் நல்ல வெள்ளையாக ஓர் இடம் பார்த்துப் பென்சிலால் எழுதி அனுப்பினேன். செல்லாது என்றார்கள். துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிப் பக்கத்தின் மேல் வைத்து அனுப்பினேன், அதுவும் செல்லாதாம். போன் செய்தால் அங்கே பேசிய பெண், பாவம் பொறுமைசாலி, பென்சிலை அழித்துவிட்டு ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் காட்டலாமே ஐயா என்றாள். பத்துப் பேர் படிப்பதற்குத்தானேம்மா புத்தகம் என்று நாக்கு நுனி வரை வந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சரி, நீயே எழுது, உன் புத்தகம்தானே என்று அம்மாவிடம் பேனாவைக் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள், நான் பென்சிலால் எழுதிய இடத்தில் விரல் தடுக்கி நின்றது. "எதுக்குங்க புதுசா எழுதணும்? சொந்தக்காரி எப்பவோ எழுதிட்டா. நீங்கதான் தாளை ஒட்டி மறைச்சீங்க" என்றாள்.

உனக்கு நினைவிருக்கும், எனக்குத்தான் இல்லை. ஏழு வயதில் சாப்பாட்டு மேசை எட்டாமல், அந்தப் புத்தகத்தை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்காருவாய். அந்த உரிமையில் ஒருநாள் முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதி வைத்தாய். நான் வீடே அதிரக் கத்தி அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டியதும், நீ நின்றுகொண்டே சாப்பிட்டதும், அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தின்மேல் உட்காரவே மாட்டேன் என்றதும் அம்மா சொல்லச் சொல்லத்தான் வந்தது. வெந்நீர்த் துணியால் அரை மணி நேரம் ஒற்றி ஒற்றி அந்தத் தாளை உரித்தேன். 'இது என் புத்தகம். சிட்டு.' நீல மை அப்படியே இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன், மறுநாளே மின்புத்தகம் வந்துவிட்டது, முதல் பக்கத்தில் உரிமையாளர் சிட்டு என்று போட்டு. என் பென்சிலை நம்பாதவர்கள் உன் கிறுக்கலை நம்பினார்கள். அன்று கத்தியது தப்பு சிட்டு, இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்போது புதுக் குழப்பம். நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கினால் அறுநூறு பக்கப் புத்தகம் இரண்டாயிரம் பக்கமாகிறது, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் பக்க எண் வேறெங்கோ ஓடிவிடுகிறது. 212ஐத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டு முதலிலிருந்தே படிக்க ஆரம்பித்துவிட்டாள். நேற்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வலிக்கிறதா என்று கேட்டேன், கதையில் அந்தப் பெண் அழுகிற இடம் வந்துவிட்டதாம். சொந்தக்காரி உன்னைக் கேட்காமல் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன், இது இரவலா இல்லையா என்று நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். மறக்காமல் ஒன்று எழுது, பேத்திக்கு மேசை எட்டுகிறதா? எட்டாவிட்டால் விடுமுறைக்கு அழைத்து வா. அச்சுப் புத்தகம் இப்போது சும்மாதான் கிடக்கிறது, நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் பேனாவும் இருக்கிறது.

இப்படிக்கு, பேனாவால்தான்,
அப்பா