ஊர்ப் பங்கில் உன் பெயர்

நுக்குநோனு தீவு,
14 ஆகஸ்ட் 1986

அன்பு மகன் ஃபலனிக்கோவுக்கு அம்மா லெபேக்கா எழுதுவது.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் வெலிங்டன் போய்ச் சேர்ந்து, கப்பல் மயக்கமெல்லாம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சின்னவளின் ஒரு செருப்பு பன்றிப் பட்டியருகே கிடைத்தது. மற்றதைப் பன்றி தின்றுவிட்டது போலிருக்கிறது. நீ கொண்டுவந்த தகரத்தைக் கூரையில் அடித்தாகிவிட்டது. மழை பெய்தால் கோயில் மணிகூடக் காதில் விழவில்லை.

பன்னிரண்டு வயதில் படிக்கப் போனவன், பதினாறு வருடம் கழித்து வந்து, கப்பல் மற்ற இரண்டு தீவுக்கும் போய்த் திரும்பும் வரை நான்கே நாள் இருந்தாய். அதைக் குறை சொல்ல எழுதவில்லை. இது வேறு விஷயம். ஆஸ்பத்திரி ரேடியோவில் உன்னைக் கூப்பிட்டுப் பேசினால் மூன்று தீவும் காது கொடுக்கும், அதனால்தான் கடிதம்.

கடற்கரையில் மீன் பங்கு போட்டபோது, பங்கு பிரிக்கிற பெனேஹே நம் வீட்டைக் கூப்பிட்டு இரண்டு சூரை மீன் போட்டான். தலைக்கு ஒன்று. உன் அப்பா போன பிறகு வீட்டில் அம்மா ஒருத்திதானே, இன்னொன்று யாருக்கு என்று நீ கேட்டாய். பங்குக் கணக்கிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டாம், வந்துவிடுவான் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பெனேஹே, "உனக்குத்தாண்டா. பதினாறு வருஷமா உன் மீனையும் சேத்துத் தின்னுட்டு உங்கம்மா இருக்கிற இருப்பைப் பாரு" என்றான். ஊரே சிரித்தது. நீயோ, "எனக்கெதுக்குண்ணே? நான் விருந்தாளி. என் பேரை எடுத்துட்டு வேற யாருக்காவது குடுங்க" என்றாய்.

நல்ல மனதோடுதான் சொன்னாய். அங்கே அது தருமம். இங்கே தன் வாயால் பங்கு வேண்டாம் என்றவன் இந்த ஊர்க்காரன் இல்லை. பெனேஹேயின் முகம் செத்துப்போனதை நீ கவனிக்கவில்லை. பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

நீங்கள் கப்பலேறிய மூன்றாம் நாள் மறுபடி பங்கு போட்டார்கள். ஒரு மீன்தான் விழுந்தது. கூடையை நீட்டியபடியே நின்றேன். பெனேஹே என்னைப் பார்க்காமல், "நான் என்னக்கா செய்ய? அவனே சொல்லிட்டானே" என்றான். வீட்டுக்கு வந்து அழுதேன். மீனுக்காக இல்லை, மகனே. நீ பிறந்த அன்று, பால் குடிக்கக்கூடத் தெரியாத உனக்கும் ஒரு மீன் போட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா ஊர் முழுக்க நடந்தார்.

அறியாமல் சொல்லிவிட்டேன், என் பெயர் இருக்கட்டும் என்று ஊர்ப் பெரியவர்களுக்கு உன் கையால் ஒரு வரி எழுது. நான் கேட்டால் எடுபடாது. நீ சொன்னதை நீதான் திரும்ப வாங்க வேண்டும்.

உங்கள் கப்பலில் வந்த டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே கப்பலேறி அப்பியா பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். இப்போது நம் வீட்டுக்கு என் பெயர் ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் பெனேஹே நம்மைத் தாண்டி அடுத்த வீட்டைக் கூப்பிட்டுவிடுவான்.

கடவுள் உங்கள் நால்வரையும் காக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்படுகிற முதல் கப்பலிலேயே பதிலை அனுப்பிவிடு, ராசா. அடுத்ததற்கு வைக்காதே.

உன் அம்மா,
லெபேக்கா