நாற்பது கப் ஸ்லைம்

ஜனவரி 12, ஞாயிறு

மந்தைவெளிக்குக் குடிவந்து ஏழு மாதம். இன்றும் ஷ்ரேயா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றாள். போய் விளையாடேன் என்றால், "என்னை யாரும் கூப்பிடலம்மா" என்கிறாள். ஒன்பது வயசுக்கு என்ன ரோஷம்! குடியரசு தினத்தன்று அசோசியேஷனில் பிள்ளைகளுக்கு ஸ்டால்கள் போடுகிறார்களாம். இழுத்து விளையாடும் வழவழப் பசையான ஸ்லைம் செய்யச் சொல்லித்தரப் பெயர் கொடுத்துவிட்டேன். இவள்தான் எனக்கு உதவி. ஸ்லைம் என்றால் எந்தப் பிள்ளை வராது?

ஜனவரி 18, சனி

செயலாளர் சந்திரமௌலி மாமா மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டார். "கெமிக்கல்ங்கறாளே, குழந்தேள் கை என்னத்துக்காறது?" வெங்காரம், அதாவது போராக்ஸ், கரைத்த தண்ணீரைப் பசையில் நான்தான் ஊற்றுவேன், பிள்ளைகள் கிண்டினால் போதும், கை கழுவ வாளி வைப்பேன் என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவையும் அதையே கேட்டார். கடைசியில் ஒரு கப் செய்து காட்டினேன். ரப்பர் மாதிரி இழுபட்டது. சரி என்றார்.

ஜனவரி 25, சனி

நாற்பது கப்பில் பசை ஊற்றி வைத்தாயிற்று. பச்சை, நீலம், ஜிகினா. வெங்காரம் தீர்ந்துவிட்டது, என் வீட்டுக்காரர் கிரீஷை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். ஷ்ரேயா ஓர் அட்டையில் 'ஸ்லைம் உதவியாளர்' என்று எழுதிச் சட்டையில் குத்திப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் எத்தனை நேரம்!

ஜனவரி 26, ஞாயிறு

மானம் போச்சு.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் மொத்தக் கூட்டமும் எங்கள் மேஜைக்குத்தான் வந்தது. ஊற்றினேன். கிண்டினார்கள், கிண்டிக்கொண்டே இருந்தார்கள். கூழ். இன்னும் ஊற்றினேன் — கூழேதான். "ஆன்ட்டி, இது செட்டே ஆகல" என்றாள் சி பிளாக் ஸ்நேஹா. ஒருத்தன் கப்பைத் தரையில் கவிழ்த்தான். பத்தே நிமிஷத்தில் எல்லாரும் மருதாணி ஸ்டாலுக்கு ஓடிவிட்டார்கள். ஷ்ரேயா அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

கூட்டிப் பெருக்கும் ஜெசிந்தா வந்து பார்த்தாள். "இன்னாக்கா இது, தேய்க்கத் தேய்க்க ஒட்டிக்கினே கீது?" நானும் உட்கார்ந்து தேய்த்தேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்தால் — கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர்! மருந்துக் கடை மூடியிருந்ததாம். "போரிக்கும் போராக்ஸும் ஒண்ணுதானேன்னு வாங்கினேன்" என்கிறார். ஒண்ணா! கத்து கத்தென்று கத்தினேன். ஆனால் எட்டு வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் நான்தானே? டப்பாமேல் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் கரைத்தவள் யார்? சீ.

ஜனவரி 27, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷ்ரேயா பால்கனிப் பக்கமே போகவில்லை.

ஜனவரி 29, புதன்

குளிக்கும்போது உறைத்தது. போரிக் பவுடர் அமிலம். அதோடு ஆப்பசோடா சேர்ந்தால் வெங்காரம் மாதிரியே ஆகிவிடாதா? மிச்சக் கூழை அள்ளி வைத்திருந்த வாளியில் சோடாவைப் போட்டுக் கிண்டினேன். திரண்டுவிட்டது! "எல்லாரையும் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடறேன்டி!" என்று குதித்தேன்.

"நீ கூப்பிடாதம்மா. நீ கூப்பிட்டா அவங்க ஸ்லைமுக்குத்தான் வருவாங்க."

சுருக்கென்றது. இத்தனையும் யாருக்காகச் செய்தேன்? எக்கேடோ கெட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 3, திங்கள்

வாளியில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஷ்ரேயாவின் டிபன் டப்பாவில் பச்சைக் கறை. கேட்காமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மிச்ச ஸ்லைம் காய்ந்து தோலாகிவிட்டது. தூக்கிப் போட்டேன். விட்டது சனியன்.

பிப்ரவரி 8, சனி

நாலரை மணிக்கு அழைப்பு மணி. வாசலில் ஸ்நேஹா.

"ஸ்லைம் எல்லாம் தீர்ந்துபோச்சேம்மா" என்று நானே முந்திக்கொண்டேன்.

"அதுக்கில்ல ஆன்ட்டி. ஷ்ரேயா இருக்காளா?"

ஷ்ரேயா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். இப்போது மணி ஆறே முக்கால். வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கிறது. பால்கனியில் நின்று இதை எழுதுகிறேன். கூப்பிடலாமா? — இன்னும் பத்து நிமிஷம் போகட்டும்.