ஆணியில் வேறு தொப்பி

அன்புள்ள அப்பா,

பப்பில் நீங்கள் தொப்பி மாட்டும் ஆணியில் நேற்று ஃபின்டன் லூபியின் தொப்பி தொங்கியது.

குடியை விட்டபின் எந்த முகத்தோடு அங்கே வருவது என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஞாயிறு மதியக் கூட்டம். நான் குவளை கழுவிக்கொண்டிருந்தேன். பாதிரியாரின் பீரைக் குடித்த ஆட்டின் பாட்டை, உங்கள் பாட்டை, ஃபின்டன் எடுத்துவிட்டார். உயிரோடு இருப்பவரின் பாட்டை அடுத்தவர் பாடுவதில்லையே! குவளையைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பாட்டுக்கு ஆள் இருக்கு," என்றேன்.

"எங்கடி? ஆஸ்பத்திரியில பால் குடிச்சுக்கிட்டுக் கெடக்கான். இனி இங்க வந்து என்ன பண்ணுவான்?" என்றார் ஃபின்டன்.

"டீ குடிச்சுக்கிட்டே பாடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். "மக பாடினா தப்பில்ல. பாடு தாயி, பாப்போம்!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். போதையேறிய ஆடு பலிபீடத்தில் ஏறிப் பிரசங்கம் செய்யும் இடத்தில் ஃபின்டனே சிரிப்புத் தாங்காமல் மேசையைத் தட்டினார். கடைசிச் சரணத்துக்கு முன் நிறுத்திக்கொண்டேன்.

"அடியே, முடிச்சுட்டுப் போடி!"

"அது அப்பாவுக்கு," என்றேன்.

பிறகு ஃபின்டனின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆணியை ஈரத்துணியால் துடைத்து வைத்தேன்.

உங்கள் மகள்