மிதுலாவின் சப்பாத்து நனையவில்லை

என் பாசமுள்ள தேவகி மச்சாளுக்கு,

உங்கள் புத்தகம் வெளிவந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் போனில் மூன்று தரம் கதைத்து முடித்திருப்போம்.

முதலில் கனவைச் சொல்கிறேன். வெளியீட்டுக்கு முதல் நாள் பின்னேரம் வேலை முடிந்து சென்ட் லோரன்டில் பஸ் ஏறினேன். நீங்கள் வழக்கமாக இருந்த யன்னல் கரைச் சீற்றில் இப்போது நான்தான் இருக்கிறேன். வெளியே பனி மெல்லமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தலையைச் சாய்த்தேன், கண் அயர்ந்துவிட்டது. பிறகு பஸ் ரோட்டில் போகவில்லை. உறைந்த ஆற்றின் மேல் சத்தமில்லாமல் போனது. தூரத்தில் நீங்கள் பனிக்கட்டியில் நடந்து வந்தீர்கள். வேலைத்தளத்து நீல மேலங்கி, கையில் சாப்பாட்டுப் பெட்டி. நீங்கள் நடக்க நடக்க ஏதோ சரசரவென்று கேட்டது. “மச்சாள், கால் குளிரேல்லையோ?” என்று கேட்டேன். சிரித்தீர்கள். கண் விழித்தபோது நான் இறங்க வேண்டிய தரிப்பு தாண்டிவிட்டது.

அந்தச் சத்தம் என்னவென்று அன்று எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள். நீங்கள் என் அண்ணையின் மனைவி. மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். சாப்பாட்டு நேரத்தில், சோறு சூடாக்க மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்கும்போது, நீங்கள் எனக்கு ஒரு கதை சொல்லுவீர்கள். பதினாலு வயது மிதுலா. அவளும் இரண்டு சிநேகிதிகளும் மார்ச் மாதத்தில், இங்கே எங்கள் நகரத்து ரொக்ஸ்பரோவில், ஆற்றுப் பனிக்கட்டியில் நடந்து ஒரு தீவுக்குப் போகிறார்கள். பின்னால் பனிக்கட்டி உடைந்துபோகிறது. மூன்று நாள் அங்கேயே அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

“தமிழ்ப் புத்தகமெண்டால் புத்திமதியாம், பிள்ளையள் ஓடுதுகள். நான் ஒரு புத்தியும் சொல்லாமல் எழுதப்போறன், பாரும்,” என்றீர்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குக் கதையில் என்ன தெரியும்? ஆனாலும் ஒரு நாள் கேட்டேன். “பனி கரையிற நேரம் மூண்டு நாள் நடந்தால் சப்பாத்து நனையாதோ? சொக்ஸ் நனையாதோ?”

“கதையில ஆர் சொக்ஸைப் பாக்கினம்? அவள் தீவில உயிருக்குப் போராடுறாள், நீர் உடுப்புத் தோய்க்க நிக்கிறீர்!”

வரிசையில் நின்ற எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தோம். ஞாபகம் இருக்கிறதா?

ஆஸ்பத்திரியில் நீங்கள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். “மச்சாள், செத்தவளின்ர புத்தகத்துக்கு ஆரும் குறை சொல்ல மாட்டினம். புகழ்ந்துபோட்டு றோல்ஸ் சாப்பிட்டிட்டுப் போவினம். நீர் எழும்பி ஒரு குறை சொல்லும். குறை சொன்னால்தான் வாசிச்சவை எண்டு அர்த்தம்.” நான் ஓம் என்றேன். மூன்றாம் நாள் காலையில், நான் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்ற நேரத்தில், நீங்கள் போய்விட்டீர்கள்.

வெளியீடு வில்லரேயில், தேவாலயத்துக்குக் கீழே இருக்கிற மண்டபத்தில். விளக்கேற்றினார்கள், எழும்பி நின்று அகவணக்கம் செய்தார்கள். உங்கள் படத்துக்கு அண்ணை மாலை போட்டார். போட்டதும் சரிந்தது, நேராக்கினார், திரும்பவும் சரிந்தது. உங்கள் மகன் ரமணன் எழும்பிப் போய் அவரைக் கூட்டிவந்து இருத்தினான். எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. ஆட்கள் வாயைத் திறந்தார்கள், சத்தம் பிந்தித்தான் வந்தது.

ஆய்வுரை சொல்ல ஒரு மாஸ்டர் வந்தார். நல்ல மனுசன், நல்ல குரல். “எங்கட கடலேரியையும் தீவுப் பகுதியையும் ஆசிரியை கண்முன்னால கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறா,” என்றார். கை தட்டினார்கள். மச்சாள், எங்கேயிருந்து வந்தது கடலேரி? ‘மூன்று நாள் தீவு’ என்ற தலைப்பையும் அட்டையில் இருந்த தண்ணீரையும் பார்த்துவிட்டு அவர் கடல் தாண்டி ஊருக்கே போய்விட்டார். ரொக்ஸ்பரோவுக்கு வரவேயில்லை.

ஏற்புரை அண்ணைதான் சொல்ல வேண்டும். அவருக்கு எழும்ப முடியவில்லை. “நீ போய் ரெண்டு சொல்லு,” என்றார்.

மேடைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. எனக்கு முன்னால் அத்தனை முகங்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். செத்துப்போன என் மச்சாளை நானே நாலு பேருக்கு முன்னால் குறை சொல்லுவதா? ஆனால் ஓம் என்று சொன்னவள் நான். சொன்னேன்.

“கதை நடக்கிறது ஊரில இல்லை, இஞ்ச ரொக்ஸ்பரோ ஆத்தில. கதை வடிவான கதை. ஆனால் ஒரு குறை இருக்கு. மிதுலா மூண்டு நாள் பனித் தண்ணிக்குள்ள நடக்கிறாள். அவளின்ர சப்பாத்து நனையேல்லை. அது பிழை.”

யாரோ ஒரு பெண் “ச்சு” என்றாள்.

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு பெட்டை எழும்பினாள். பல்லுக்குக் கம்பி போட்டவள், பதின்மூன்று வயது இருக்கும். மாஸ்டருடைய மகள்.

“பார்தோன், மன்னிக்கவேணும் அன்ரி. நீங்கள் சரியா வாசிக்கேல்லை. அவள் பாண் பை போட்டவள்.”

“எங்க?”

“நாப்பத்தோராம் பக்கம்.” உங்கள் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். மூலையெல்லாம் மடித்து வைத்திருந்தாள். “அப்பாவுக்கு ஆய்வு செய்யத் தந்த புத்தகம். நான்தான் வாசிச்சனான். நாலு நாள் எடுத்தது.”

மாஸ்டர் குனிந்து தன் கடதாசியைப் பார்த்தார். பாவம். சபை முழுக்கச் சிரித்தது.

அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். ‘மிதுலா சொக்ஸுக்கு மேலே, பாண் சுற்றிவந்த பிளாஸ்டிக் பையை மாட்டி, றப்பர் வளையம் போட்டுவிட்டுத்தான் சப்பாத்துக்குள் காலை விட்டாள். அது அவளுடைய மாமி காட்டித்தந்த வேலை.’

மச்சாள், ரமணனுக்கு நான் மாமி. அவன் பள்ளிக்கூடம் போன முதல் குளிர்காலம், சப்பாத்து ஓட்டை. பாண் பை மாட்டி அனுப்பியது நான். படியில் அவன் இறங்க இறங்கச் சரசரவென்று கேட்கும். முன்வரிசையில் அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்போது இதை எழுதிச் சேர்த்தீர்கள்? என்னைப் பகிடி பண்ணிய அன்றைக்கேவா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தா? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

இனி உண்மையைச் சொல்லுகிறேன். அச்சகத்திலிருந்து வந்த நாள் முதல் நான் உங்கள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. குசினித் தட்டில், அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த கதை உங்கள் குரலில்தான் இருந்தது. திறந்தால் வெறும் எழுத்துத்தானே இருக்கும் என்று பயம். மாஸ்டரைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? நானும் வாசிக்காமல்தான் மேடை ஏறினேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் றோல்ஸ் சாப்பிட, அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். “அன்ரி, ரெண்டாம் பாகம் இருக்கோ?” இல்லை என்றேன். “அதுதான் குறை,” என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் குசினி மேசையில் இருந்து புத்தகத்தைத் திறந்தேன். யன்னலில் வெயிலும் பனியும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. விரலை வைத்து வாசிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் போகிறது. சில வரிகளில் உங்கள் இருமல்கூடக் கேட்கிறது.

பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன். அதில் ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறேன், மச்சாள். இது உண்மையான குறை, இரண்டு தரம் திருப்பி வாசித்துப் பார்த்துவிட்டேன். மிதுலா விடியக் கதவைச் சாத்திக்கொண்டு தீவுக்குப் போகிறாள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவள் மாமியிடமாவது ‘போயிட்டு வாறன்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

மிச்சப் பக்கங்களையும் வாசிப்பேன். ஒன்றையும் பாய்ந்து போக மாட்டேன். கடைசிப் பக்கம்வரை எல்லாக் குறையையும் உங்களுக்குச் சொல்லுவேன், இது சத்தியம்.

வாசிக்காமல் குறை சொன்ன உங்கள் மச்சாள்,
புவனம்