ஓம் என்றால் ஆமா

இன்று காலை நகரசபை மண்டபத்தில் மைக்குகளின் பஞ்சு உறைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். பொதுமக்கள் பேசும் மைக்கின் கறுப்பு உறையில் ஒரு வெள்ளைத் தீற்றல். முகர்ந்து பார்த்தேன். திருநீறு. உன் நெற்றியிலிருந்து வந்தது. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

நீ போய் ஒன்பது மாதம். மாரடைப்புக்கு முப்பத்தெட்டு ஒரு வயதா? சரி, அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. நீ இந்த மைக்கில் பேசிய அந்த மாலையைப் பற்றித்தான்.

ட்ருகனினா என்ற புறநகரில் ஒரே வீட்டில் நமக்கு அடுத்தடுத்த அறை. நான் கோயம்புத்தூரிலிருந்து வந்த சவுண்ட் டெக்னீஷியன். நீ யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். காதில் எப்போதும் இயர்ஃபோன். பாட்டு என்று நினைத்தேன். பிடுங்கிக் கேட்டால், நாம் காலே வைக்காத அமெரிக்காவின் நீதிமன்ற வாதம்! ஊர்ச் சபைக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கலாமா என்று இரண்டு வக்கீல்கள் மோதிக்கொண்டிருந்தார்கள்.

“இங்கிலீஷ் பழகிறன் மச்சான்,” என்றாய். பிறகுதான் உண்மை வந்தது. “அவங்கட சட்டத்தில ஒரே வசனம். அரசாங்கம் மதத்தைத் திணிக்கவும் ஏலாது, தடுக்கவும் ஏலாது, வாயைப் பொத்தவும் ஏலாது. மதமும் பேச்சும் ஒரே வசனத்துக்குள்ள!”

“அது மெஷினோட வர்ற ஸ்பெக் ஷீட்டு மாதிரிடா. எழுதுறது ஈஸி. ஓடுதான்னு பார்க்கணும்.”

“ஒழுங்கா ஓடேல்லை எண்டுதானே வருஷக்கணக்கா வழக்காடுறாங்கள். வழக்காட விடுறாங்கள், அதைப் பார்.”

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு ஆறுகிறது, அமெரிக்காவை அப்புறம் பார்க்கலாம் என்பேன். நீ கையில் பருப்புக் கரண்டியோடு எதிர்த்தரப்பு வக்கீலாகவும் மாறி வாதாடுவாய்.

அப்போதுதான் நம் பகுதி மண்டபத்தில் வெள்ளிக்கிழமை நடந்த தேவார வகுப்புக்கு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஆட்சேபம் எழுதினார். பொது இடத்தில் மத வகுப்பு கூடாதாம். இரு தரப்பையும் கேட்டுவிட்டுச் சபை முடிவெடுக்கும்; ஆளுக்கு மூன்று நிமிடம். வகுப்பு நடத்திய, எல்லோரும் ‘அன்ரி’ என்று கூப்பிடும் அம்மா பேச ஆள் தேடி வீடு வீடாக ஏறினார். “கதைச்சு விசாவுக்கு ஏதும் வந்தா?” என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். உனக்கும் அதே பயம்தான். ஆனாலும் பேசப் பெயர் கொடுத்தாய்; கொடுத்துவிட்டு இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை.

சபையில் ஒலிப் பொறுப்பு என்னுடையது. கூட்டத்துக்கு முன் உன் காதில் சொன்னேன்: “பெரியவர் பேசும்போது மைக் சத்தத்தை லேசா இறக்கிடவா? யாருக்கும் தெரியாது.”

நீ என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. “விசரா! ஒருத்தற்ற மைக்கை இறக்கிறதுக்கெண்டா நான் ஏன் கடல் தாண்டி வந்தனான்? அவற்ற சத்தம் என்ர சத்தத்தை விடக் குறையக் கூடாது. விளங்குதோ?”

விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

பெரியவர் தெளிவாகப் பேசி உட்கார்ந்தார். அடுத்து நீ. பட்டை பட்டையாகத் திருநீறு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வகுப்பு விஷயமாகப் பேசத்தானே வந்திருக்கிறீர்கள் என்று சபைத் தலைவி ஆங்கிலத்தில் கேட்டார். பதற்றத்தில் உன் வாயிலிருந்து ஊர்ச்சொல் வந்தது.

“ஓம்.”

நீ சொன்னது ஆமா. மைக் அதை மண்டபம் முழுக்க முழங்கியது. கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கிப் பழகிய சபை அது. தலைவி பட்டென்று தலை குனிந்தார். உறுப்பினர்கள் குனிந்தார்கள். ஆட்சேபித்த பெரியவரே தொப்பியைக் கழற்றினார். எல்லோரும் குனிகிறார்களே என்று நீயும் குனிந்தாய். நெற்றி மைக்கில் ‘டும்’. உன் மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து அன்ரி மட்டும் பல்லைக் கடித்தார்: “தம்பி, கதையும்!”

நீ நிமிர்ந்து, திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னாய்: நான் ஜெபிக்கவில்லை. எங்கள் ஊரில் ‘யெஸ்’ என்பதற்கு அதுதான் சொல். ஆனால் நீங்கள் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தீர்கள். ஒருவர்கூட மதம் மாறவில்லை. எங்கள் வகுப்பும் அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு மணி நேரம் பாடுவார்கள். பிறகு மண்டபம் உங்களுடையது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. வகுப்பு தொடரலாம் என்றார்கள். வெளியே பெரியவர் உன் கையைப் பிடித்துக் குலுக்கி, இன்னமும் எதிர்க்கிறேன் என்றார். “ஓம் ஐயா, எதிர்க்கத்தான் வேணும்!” என்று நீ தமிழிலேயே சொன்னாய். அவர் மறுபடியும் தொப்பியைத் தொட்டார். காரில் வயிறு வலிக்கச் சிரித்தோம். போகிற வழியில் இரண்டு தட்டு கொத்து ரொட்டியை நீ ஒருவனே முடித்தாய். விசாவுக்கு ஒன்றும் வரவில்லை.

இன்று புது உறை மாட்டிவிட்டேன். பழையது என் டூல் பாக்ஸில், வெள்ளைத் தீற்றலோடு இருக்கிறது. மைக் சரிபார்க்க எல்லாரும் ‘செக், ஒன், டூ’ என்பார்கள். எனக்கு உன் சொல்தான் வருகிறது. “ஓம்,” என்றேன். அலுவலகப் பெண் எட்டிப் பார்த்து, ஜெபமா என்றாள். “நோ, யெஸ்,” என்றேன். குழம்பிப் போனாள்.

ஒலி மிக்ஸரில் அந்த மைக்கின் சத்த அளவை அன்று உனக்கும் பெரியவருக்கும் வைத்த இடத்தில் டேப் ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன். மெல்லப் பேசுகிறவர்களுக்கு அதற்கு மேலே ஏற்றுவேன். யாருக்கும் இறக்குவதில்லை.