பதினேழாம் அத்தியாயம் ஏன் வரவில்லை

சேலையூர்,
12-2-1989, ஞாயிறு, காலை 9.40 மணி.
மேசைமேல் தபால்தலைகள்: 61.

அன்புள்ள தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

நான் நலம், கிணற்று மோட்டார்தான் நலமில்லை. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே, அதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை, இருமல் என்றால் இருமல் என்று எழுது, எத்தனை நாளாக என்றும் எழுது. ஜோர்ஹாட்டில் இன்னும் குளிர் விடவில்லை என்று அம்மா எழுதியிருந்தாள், ஸ்வெட்டரை வகுப்பில் கழற்றி வைத்துவிட்டு வராதே, போன மாதம் ஒன்று தொலைந்தது போதும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. வீட்டுக்கார தாயாரம்மாள் கதவிடுக்கில் செருகி வைத்திருந்தார்கள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். மொத்தம் ஐந்து வரி. பதினேழாம் அத்தியாயம் வரவில்லை, கதை சொல்லும் சனிக்கிழமை கடைசி பீரியடில் வகுப்பே காத்துக்கொண்டு இருந்தது, "உங்க அப்பாகிட்ட ஸ்டாம்பு தீர்ந்துபோச்சு, நீ சும்மா அளக்கறே"ன்னு ஜுனு எல்லார் எதிரிலும் சொன்னாள், இனிமேல் கதை வேண்டாம், வருவதானால் நீ வா. இவ்வளவுதான். அன்புள்ள அப்பாவும் இல்லை, கீழே கையெழுத்தும் இல்லை. நீ பொய் சொல்லவில்லை, தேன்மொழி. பதினேழாம் அத்தியாயத்தை ஜனவரி 27 வெள்ளிக்கிழமை காலை நான் பெட்டியில் போட்டேன். அது உனக்கு வராமல் போனதற்கு முழுக்க முழுக்க நான்தான் காரணம், நீயும் இல்லை, தபால்காரரும் இல்லை. எப்படி என்பதை வரிசையாக எழுதுகிறேன். ஜுனுவுக்கும் உன் டீச்சருக்கும் நீ இதை ஹிந்தியில் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. எனக்குத்தான் பொறுமை கிடையாது, உனக்காவது இருக்கட்டும்.

அம்மாவுக்கு மாற்றல் வந்து நீங்கள் இருவரும் போன செப்டம்பரில் அஸ்ஸாமுக்கு, ஜோர்ஹாட்டுக்குப் போனீர்கள், வாரம் ஒரு கதை எழுதுவேன் என்று சென்ட்ரல் ஸ்டேஷனில் வாக்குக் கொடுத்தேன். படம் இல்லாத கதை வேண்டாம் என்றாய். எனக்குப் படம் வராது, டிராயிங் என்றால் பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றும் போடுவேன், கோழிக்குஞ்சுக்கு எலிவேஷன் போட்டு அனுப்பினால் நீ என்ன செய்வாய்? அதனால்தான் தபால்தலை. திருமுடிவாக்கத்தில் கம்பெனிக்கு வரும் உறைகளிலிருந்து வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறப் போட்டு, உரித்து, டூல்ரூம் இரும்புப் பாளத்தின் அடியில் வைத்துத் தட்டையாக்கி, கதையில் எங்கே படம் வேண்டுமோ அங்கே ஒட்டினேன். ஐம்பது பைசாத் தலையில் இருக்கும் பால்கார அம்மாதான் கதாநாயகி, கங்கையம்மாள் என்று பெயர் வைத்தது நீ. இருபத்தைந்து பைசாத் தலையில் முட்டையை உடைத்துக்கொண்டு வரும் குஞ்சு அவளுடைய துணை. வில்லன் கிடைப்பதுதான் பேஜாராக இருந்தது, தலைவர்கள் படம் போட்டவை 19 இருக்கின்றன, அவர்களில் யாரைத் திருடனாகப் போடுவது? நல்லவேளை, லேத்தில் இருக்கும் சுவிசேஷமுத்துவின் அண்ணன் ஜாம்பியாவில் வாத்தியார், அங்கிருந்து வந்த ஒரு முதலை கிடைத்தது. நீ பாட்டுக்கு ஒரு சட்டம் வேறு போட்டாய், கங்கையம்மாள் இருக்கும் தலையின்மேல் எந்த ஊர் முத்திரை விழுந்திருக்கிறதோ அந்த ஊரில்தான் அந்த அத்தியாயம் நடக்க வேண்டும் என்று. எங்கள் கம்பெனிக்கு வரும் தபாலெல்லாம் லூதியானா, ராஜ்கோட், ஃபரிதாபாத், மிஞ்சினால் கோயம்புத்தூர். பாவம் கங்கையம்மாள், இந்த நாட்டில் பட்டறை இல்லாத ஒரு ஊரை அவள் பார்த்ததில்லை. அவள் எப்போது சேலையூருக்கு வருவாள் என்று நீ பதினாறு முறை கேட்டாய், அந்த முத்திரை விழுந்த தலை எனக்கு எப்படிக் கிடைக்கும், சேலையூரிலிருந்து எனக்கு யார் கடிதம் போடுவார்கள் என்று நானும் பதினாறு முறை எழுதினேன்.

இப்போது தப்புக்கு வருகிறேன். ஜனவரி 27 காலை 7.05-க்குக் கேம்ப் ரோட்டில் பஸ். 6.50-க்கு மேசையில் இரண்டு கங்கையம்மாள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். ஒன்று உறைமேல் ஒட்ட நான் வாங்கிய புதுத் தலை, இன்னொன்று கதைக்காக ஊறப்போட்டு எடுத்த கோயம்புத்தூர் முத்திரை விழுந்த பழையது. புதியதைக் கதைக்குள் ஒட்டினேன், பழையதை உறைமேல் ஒட்டினேன். டூல்ரூமில் இரண்டு ஸ்க்ரூவை இப்படி யாராவது மாற்றிப் போட்டால் அவனை நான் என்ன சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும். அதோடு விட்டதா, அன்றைக்கு வீட்டில் கோந்து காய்ந்திருந்தது, எண்ணெய் கசியாதபடி கேஸ்கெட் ஒட்ட வைத்திருந்த கம்பெனிப் பசையைப் போட்டேன். 30-ஆம் தேதி தபால்காரர் துரைராஜ், போஸ்ட் ஆபீசுக்கு நேரில் வரவும் என்று ஒரு சீட்டுக் கொடுத்தார், டெலிபோனுக்கு மனுப் போட்ட விஷயமாக இருக்கும் என்று படிக்காமலே சட்டைப் பையில் வைத்தேன், சட்டை துவைக்கப் போனது.

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. நேற்றுக் காலை கம்பெனிக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். வாசலிலேயே துரைராஜ் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ, சீட்டு குடுத்து பத்து நாளுக்கு மேல ஆவுது, உனக்கோசரம் நான் டெய்லி பாட்டு வாங்கினு கீறேன்" என்றார். போஸ்ட்மாஸ்டர் யக்ஞநாராயணன் சார் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். "மிஸ்டர் லோகநாதன், இது ஒருதடவை உபயோகிச்ச ஸ்டாம்ப், கோயம்புத்தூர் முத்திரை பளிச்சுனு தெரியறது, இதை மறுபடி ஒட்டறது குற்றம், தெரியுமோ இல்லையோ" என்றார். தெரியும் சார், உள்ளே புதுசு இருக்கிறது, வெளியே ஒட்ட வேண்டியதை உள்ளே ஒட்டிவிட்டேன் என்றேன். "உள்ளே எதுக்குய்யா ஒட்டணும்?" என்றார். உறையை அவர் எதிரிலேயே பிரித்து அத்தியாயத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நிற்கிறார்கள், மணி பத்தேகால், அவர் பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்புகிறார். கோயம்புத்தூர்ப் பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒளிந்திருந்த முதலை குஞ்சை முழுங்குகிற இடம் வந்ததும் நிமிர்ந்து, "அப்புறம்?" என்றார். அப்புறம் எழுதவில்லை சார் என்றேன். வரிசையில் சேமிப்புப் புத்தகத்தோடு நின்ற நம் தாயாரம்மாள், "அய்ய, இன்னாத்த முழுங்கிச்சி? அந்தக் கோழிக்குஞ்சையா? அத்த ஏன்யா கொன்ன, பச்சப்புள்ள படிக்கிற கதையில?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கொல்லவில்லை, வயிற்றில் இருக்கிறது என்றேன். "அப்ப வெளிய எடு, முதலைக்கு இருமல் வரவெய்யி" என்றார்கள். துரைராஜ் தன் பங்குக்கு, "விலாசம் தப்புன்னு அதுவே திருப்பி அனுப்பிரும், பாரேன்" என்றார். வரிசையில் இருந்த ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் கத்தியிருப்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஜுனு சொன்னதில் பாதி சரி. குஞ்சை எப்படி வெளியே கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை, அதற்கேற்ற தபால்தலையும் இல்லை, அதனால்தான் பிப்ரவரி 3-ஆம் தேதி போட வேண்டிய பதினெட்டாம் அத்தியாயத்தை இன்னும் போடவில்லை. வழி சொன்னது யக்ஞநாராயணன் சார். முதலை எந்த ஊர் என்று கேட்டார். ஜாம்பியா என்றேன். "அப்போ அது ஃபாரின் ஆர்ட்டிகிள், கஸ்டம்ஸ்காரன் திறந்து பார்க்காம உள்ளே விடவே மாட்டான், வாயைத் திறன்னு சொன்னா திறந்துதான் ஆகணும்" என்றார். இதைச் சிரிக்காமல் சொன்னார்.

பிறகு வேலைக்கு வந்தோம். உறையையும் அதன்மேல் இருந்த பழைய கங்கையம்மாளையும் ஆபீஸ் ரெக்கார்டுக்கு எடுத்துக்கொண்டார், நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், மூன்று வரி, சாக்குப்போக்கு எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் புதியதைப் பிய்த்துப் புது உறையில் ஒட்டலாம் என்றார், கேஸ்கெட் பசை, பிய்த்தால் கதையும் சேர்ந்து வரும். சரி, வேறு வாங்கிக்கொள் என்றார். அப்போதுதான் எனக்கு உன் சட்டம் உறைத்தது. கோயம்புத்தூர் முத்திரை போய்விட்டது, உள்ளே இருக்கும் கங்கையம்மாள்மேல் முத்திரையே இல்லை, அப்படியானால் பதினேழாம் அத்தியாயம் எந்த ஊரிலும் நடக்கவில்லை, வகுப்பில் ஜுனு கேட்டால் நீ என்ன சொல்லுவாய்? அதனால் இதன்மேல் ஒரு முத்திரை போடுங்கள் சார் என்று கேட்டேன். "காகிதத்தில ஒட்டினதுக்கெல்லாம் முத்திரை போட இது என்ன விளையாட்டா" என்று கோபித்தார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கதைக் காகிதத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். பிறகு, "இது முத்திரை விழாத ஸ்டாம்ப், நாளைக்கே யாராவது எடுத்து உபயோகிக்கலாம், அதைத் தடுக்க வேண்டியது என் டியூட்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துரைராஜ் கையிலிருந்த முத்திரையை வாங்கி, மையில் ஒற்றி, அவரே ஒரே குத்து. எழுத்து ஒன்றுகூட அழியாமல், முகத்தில் படாமல், மூலையில் சுத்தமாக விழுந்தது. சேலையூர், 11 பிப்ரவரி. "போதுமா? வந்து சேர்ந்தாச்சு உங்க கங்கையம்மா" என்றார். தாயாரம்மாள், "காட்டு, காட்டு" என்று வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல முதலை ஏதுய்யா?" என்றார்கள்.

அந்தக் கேள்வி நியாயம்தான். ஆகவே இதோடு வரும் பதினேழாம் அத்தியாயத்தில் ஏழு இடத்தில் கோயம்புத்தூரை அடித்துச் சேலையூர் என்று எழுதியிருக்கிறேன், தண்ணீர்த் தொட்டியை அடித்துப் பக்கத்திலுள்ள பீர்க்கன்கரணை ஏரி ஆக்கியிருக்கிறேன், குழம்பாதே. அந்த ஏரியில் முதலை கிடையாது, இது கதை என்று வகுப்பில் சொல்லிவிடு. ஜனவரி 27-ஆம் தேதி போட்ட கடிதம் இன்ன காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது என்று போஸ்ட்மாஸ்டர் தன் கையெழுத்தும் ஆபீஸ் சீலும் போட்டு இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், நான் கேட்காமலே கொடுத்தார். அதையும் இதோடு வைத்திருக்கிறேன். ஜுனுவிடம் அதைக் காட்டு, ஆனால் சண்டை போடாதே, அவளுக்குக் கதை வேண்டும் என்பதால்தானே அப்படிச் சொன்னாள். 25-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

இன்னொன்று. "வருவதானால் நீ வா" என்று எழுதியிருந்தாய். நாலு மாதமாக இதற்கு நான் "பார்க்கலாம்" என்று எழுதிவந்திருக்கிறேன். உன்னைப் "பரவாயில்லை" எழுதாதே என்கிறவன் "பார்க்கலாம்" எழுதக் கூடாது. காலையிலிருந்து மேசையில் தலைகளைப் பிரித்து அடுக்கினேன், 61-இல் 17 நீ எனக்குப் போட்ட கடிதங்களிலிருந்து எடுத்தவை, எல்லாம் கங்கையம்மாள், எல்லாவற்றிலும் ஜோர்ஹாட் முத்திரை. உன் சட்டப்படி இனி கதை அங்கேதான் நடக்க வேண்டும். லூதியானாவை நான் பார்த்ததில்லை, அந்த அத்தியாயம் சுமார் என்று நீயே எழுதினாய், அதே தப்பை ஜோர்ஹாட்டுக்கும் செய்ய மாட்டேன். நேற்று மத்தியானம் மேனேஜர் ஸ்ரீநிவாசன் சாரிடம் பதினைந்து நாள் லீவு கேட்டேன், எதற்கு என்றார், கதை முடிக்கணும் சார் என்றேன். "முதல்ல மார்ச் ஆர்டரை முடி, அப்புறம் உன் கதையை முடி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பரீட்சைக்கு உன்னைப் படிக்கவைக்கும்படி அம்மாவிடம் சொல், பின்னம் உனக்கு இன்னும் தகராறு. நீ நன்றாக இரு, நிறைய படி, நிறைய சாப்பிடு, பொய் சொல்லாமலே வளர், என் ஆசி எப்போதும் உண்டு. நான் போட்ட உறைகளைத் தூக்கிப் போடாதே, அவை எல்லாவற்றிலும் சேலையூர் முத்திரை இருக்கிறது, உனக்குத் தேவைப்படும். இனி நான் செய்யப்போவது:

1. நாளை திங்கள் காலை போஸ்ட் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நிற்பேன். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். புதுத் தலை வெளியே, பழைய தலை உள்ளே. துரைராஜ் ஒருமுறை சரிபார்ப்பார்.

2. கேஸ்கெட் பசையைக் கம்பெனியிலேயே கொண்டுபோய் வைப்பேன்.

3. மோட்டாரைக் கழற்றிக் காயில் கம்பியை மாற்றுவேன், இல்லையென்றால் தாயாரம்மாள் என்னைக் கழற்றிவிடுவார்கள்.

4. 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பதினெட்டாம் அத்தியாயம் போடுவேன். கஸ்டம்ஸ், முதலை, குஞ்சு பத்திரம்.

5. ஏப்ரல் 3-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுப்பேன். ஹவுராவில் மாறி, குவஹாத்தி போய், அங்கிருந்து பஸ்.

6. பத்தொன்பதாம் அத்தியாயம், நடக்கும் இடம் ஜோர்ஹாட். அது தபாலில் வராது.

அன்புள்ள அப்பா,
லோகநாதன்